ஏழு வாளி

திருத்துறைப்பூண்டியில்
உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன்.
இலை சுருண்டால் ஒரு பெயர் சொல்வேன்,
குருத்துக் காய்ந்தால் வேறொன்று.
பதினோரு வருஷமாய்ப் பிறர் வயலுக்கு வைத்தியம்.
என் கையால் ஒரு விதை ஊன்றியதில்லை.

ஆடி முடிந்து வீடு மாறினோம். மாடிவீடு.
முந்தி இருந்தவர் விட்டுப்போன
ஏழு பெயிண்ட் வாளி மூலையில்.
மங்கையர்க்கரசி கேட்டாள்:
"ஊருக்கே உரம் விக்கிறீங்க.
ரசத்துக்கு நாலு கொத்தமல்லி
நம்ம வீட்டுல வராதா?"

ஆணியைக் காய்ச்சி அடியில் நாலு ஓட்டை.
வாய்க்கால் தூர்வாரிக் கரையில் கொட்டிய வண்டல்,
தேங்காய் நார்த்தூள், மட்கிய சாணம்.
இதுவரை சரி.

கொத்தமல்லியை முழுசாய்ப் போட்டேன்.
பன்னிரண்டு நாள்
வெறும் மண்ணை வேடிக்கை பார்த்தேன்.
துளசிக்குக் காலை ஒரு செம்பு, மாலை ஒரு செம்பு.
டெல்டாக்காரன் இல்லையா,
தண்ணீர் கட்டி நின்றால்தான் பயிர்
என்று நம்புகிறவன்.
வேர் அழுகிச் செத்தது.
புதினாத் தண்டை உச்சிவெயிலில் நட்டேன்;
மூன்றாம் நாள் துடைப்பக்குச்சி.
போர் தண்ணீர் வேறு இங்கே உப்புக் கரிக்கும்.

கடையில் அன்று ஒருவர்
இரண்டு வேலி குறுவைக்கு யோசனை கேட்டார்.
தயங்காமல் சொன்னேன்.

ஒடிந்து கிடந்த கற்பூரவல்லிக் கிளையை
எறிய மனமில்லாமல் செருகி வைத்தது மட்டும்
யாரையும் கேட்காமல் தழைத்தது.
அதன் தைரியத்தில் மறுபடி தொடங்கினேன்.
மல்லியைச் சப்பாத்திக் கட்டையால் லேசாய் உருட்டி
இரண்டாய்ப் பிளந்து,
ஓர் இரவு ஊறவைத்து.
புதினாவுக்குப் படிக்கட்டு நிழல்.
அரிசி கழுவிய தண்ணீர் எல்லோருக்கும்,
அதுவும் விரலை மண்ணில் விட்டு
ஈரம் ஒட்டவில்லை என்றால்தான்.
ஐப்பசி அடைமழையில் ஏழு வாளியும்
எங்களோடு கூடத்தில் படுத்தன.

கார்த்திகையில் கறிவேப்பிலைக் கன்றில்
காக்கை எச்சம்போல் ஒன்று.
தட்டிவிடப் போனேன். நகர்ந்தது.
பெயர் தெரியும். மருந்து தெரியும்.
லிட்டருக்கு எத்தனை மில்லி என்பதும்.
கடையிலிருந்து புட்டி கொண்டுவந்து
மூடியைத் திருகிய பிறகு
பொடி எழுத்தைப் படித்தேன்:
தெளித்த பின் இத்தனை நாள் கழித்தே அறுவடை.
கறிவேப்பிலைக்கு ஏது அறுவடை நாள்?
அடுப்பில் புளி கொதிக்கிறது.

மூடிவிட்டேன்.
அந்த ஒரு கொத்தை
அதன் பேரில் பற்று எழுதினேன்.

மறுநாள் கொருக்கையிலிருந்து ஒருவர்,
கத்தரிக்கு அதே புட்டி.
பில் போடும்போது கேட்டேன்:
"காய் எப்பப் பறிக்கிறீங்க?"
"நாளைக்குச் சந்தையில்ல?"
புட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்
என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்.
வைக்கவில்லை.
பொடி எழுத்தைக் காட்டினேன்.
கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார்.
படித்துச் சொன்னேன்.
"பதினோரு வருஷமா
இதச் சொன்னதில்லையே நீங்க"
என்றபடி சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டார்.

அந்த வாரம் நான் கத்தரிக்காய் வாங்கவில்லை.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் மாடியில்
மங்கையர்க்கரசி ரசத்துக்கு இலை பறித்தாள்.
பச்சையாகப் பருத்துவிட்ட புழுவைத்
தொடாமல் சுற்றிப் போயின விரல்கள்.
நல்ல இலைகளை விட்டுவிட்டு
ஓரம் கடிபட்டவையாகப் பார்த்துப் பார்த்து
முந்தானையில் போட்டுக்கொண்டாள்.